அந்த வீட்டின் எண்

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

மறுநாள் இயற்பியல் தேர்வு. இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறையில் நாங்கள் ஐவரும் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்பதேகாலுக்கு ஒருவன், "காசு கொடுத்தாலும் ஒன்றும் வாங்க முடியாத கடை எது?" என்றான். "சாக்கடை!" என்று நான்கு குரல்கள் எழுந்தன. அவ்வளவுதான், புத்தகங்கள் மூடிக்கொண்டன.

விடுகதை என்றால் நான் சற்று நிமிர்ந்து உட்காருவேன். வகுப்பில் ஆங்கிலத்தில் ஓர் ஐயம் கேட்க எனக்கு இன்னும் நா எழவில்லை. விடுகதைக்கோ ஆங்கிலம் வேண்டுவதில்லை. கண்ணைக் கிணறாகவும் இமைமயிரைப் புல்லாகவும் மறைத்துச் சொல்லும் விடுகதைகளை, எழுத்தறியாத என் பாட்டி மூட்டை மூட்டையாகச் சொல்லித் தந்திருக்கிறாள். அன்றும் என் மூட்டை அவிழ்ந்தது. பதினேழு ஒட்டகங்களை இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எனப் பங்கிடும் பழைய புதிரும் வந்து போயிற்று. (அந்தப் பங்குகளைக் கூட்டினால் பதினெட்டில் பதினேழுதான் வரும். கடன் வாங்கிய ஒட்டகம் மிஞ்சுவதன் சூட்சுமம் அதுவே.)

சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம். "இதற்கு விடை சொல்லுங்கடா, பார்ப்போம். கைப்பேசியைத் தொடக் கூடாது" என்று ஒரு கணக்கைப் போட்டார்.

ஒரு தெருவில் ஒரே வரிசையில் 1, 2, 3 என எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டின் இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் என்ன?

சிறிய தெருவில் தொடங்கினோம். எட்டு வீடுகள் இருந்தால் விடை 6. ஏனெனில் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7ம் 8ம் சேர்ந்தாலும் 15. அதற்கு மேல் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் தாள்தான் தீர்ந்தது.

பிறகுதான் கணித மாணவர்களாக யோசித்தோம். வீட்டின் எண்ணை 'வ' என்றும், மொத்த வீடுகளை 'ம' என்றும் கொள்வோம். இடப்பக்கக் கூட்டுத்தொகை வ(வ−1)/2. வலப்பக்கமும் அதுவே. இரண்டோடு நடுவிலுள்ள 'வ'வையும் சேர்த்தால் வ² வருகிறது. இது தெரு முழுவதன் கூட்டுத்தொகை அல்லவா? ஆகவே ம(ம+1)/2 = வ².

அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1 தவிரப் பொதுக்காரணி கிடையாது. எனவே ம, ம+1 ஆகியவற்றில் ஒற்றைப்படை எண் ஒரு வர்க்கமாகவும், இரட்டைப்படை எண் மற்றொரு வர்க்கத்தின் இருமடங்காகவும் இருந்தாக வேண்டும். 8, 9 என்பதில் 9 = 3², 8 = 2×2². அந்த 3ஐயும் 2ஐயும் பெருக்கினால் 6, அதாவது வீட்டின் எண்!

அடுத்த இணையைப் பெற வழி எளிது. முதல் எண்ணோடு இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டினால் புதிய முதல் எண். இரண்டையும் கூட்டினால் புதிய இரண்டாம் எண். 3, 2 என்பதிலிருந்து 7, 5. பின் 17, 12. பின் 41, 29. 49 வீட்டுத் தெருவில் விடை 35. 288 வீட்டுத் தெருவில் 17×12 = 204. அதற்கடுத்த தெருவில் 1681 வீடுகள். 50 என்று தொடங்கியதில்தான் கணக்குப் போட்டவரின் குறும்பு இருக்கிறது. 49 மயிரிழையில் தப்பிவிடுகிறது!

3/2, 7/5, 17/12 என்னும் பின்னங்கள் 2இன் வர்க்கமூலத்தை நெருங்கிக்கொண்டே செல்பவை. தொடர்பின்னம் என்று குறிப்பேட்டில் எழுதி, பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்திருந்தேனே, அது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. மணி ஒன்றரை.

அந்தப் புதிர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் 1914இல் வந்தது என்றும், கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் அதைப் படித்துக் காட்டியபோது, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுசன் அக்கணமே ஒரு தொடர்பின்னத்தை விடையாகச் சொன்னார் என்றும் அண்ணன் மறுநாள் கூறினார். ஒரு தெருவுக்கல்ல, எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து! அதே இராமானுசன், 1904இல் சேர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். அதைச் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் ஐவரில் அக்கணமே விடை சொன்னவர் ஒருவருமில்லை. அன்றிரவு இயற்பியலில் ஒரு வரி படித்தவரும் இல்லை.

தேர்வில் ஐந்து வினாக்களுக்கு இரண்டுக்குத்தான் விடை எழுதினேன். எஞ்சிய நேரத்தில் என் பேனா வினாத்தாளின் பின்பக்கம் போய்விட்டது. 41, 29க்கு அடுத்து 99, 70. தெருவில் 9800 வீடுகள்; வீட்டின் எண் 6930. மணி அடித்துவிட்டது.