புகையிலைத் தாளும் இரும்பு மனிதர்களும்

கேள்வி: நார்வேயின் ஸ்தவாங்கரில் ஒரே ஒரு நாள். மனநிலை, ஆசை, நவீனக் கலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எங்கே போவது?

பதில்: ஊரின் கலை அருங்காட்சியகத்துக்கு. அங்கே லார்ஸ் ஹெர்டர்விக் (1830–1902) இருக்கிறார். டியூசல்டார்ஃபில் ஓவியம் பயின்றவர். பிறகு மனநோய், காப்பகம், வறுமை. நல்ல தாள் வாங்கக் காசில்லாதபோது புகையிலைத் தாளில்கூட வரைந்தார். அவர் வரைந்த மேகங்களில் ஏழ்மையின் சாயலே தெரியாது. டியூசல்டார்ஃபில் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் மீது அவர் கொண்ட பித்தை எழுத்தாளர் யூன் ஃபொஸ்ஸே 1995-இல் 'மெலன்கோலியா' நாவலாக்கினார். 2023-இல் நோபல் பெற்ற அதே ஃபொஸ்ஸேதான்.

அதே கட்டடத்தில் சிற்பி ஆன்டனி கார்ம்லியின் இரும்பு மனிதன் ஒருவனும் நிற்கிறான். தன் உடலையே அச்செடுத்து வார்த்த 23 உருவங்களில் முதலாவது. ஒவ்வொன்றும் 1.95 மீட்டர் உயரம். அடுத்தது அதே அளவு கீழே. இப்படியே தெரு, கடை, ஒருவரின் வீடு என இறங்கித் துறைமுகம் வரை போகின்றன. பீடம் கிடையாது. பக்கத்தில் நின்று தோளோடு தோள் அளந்து பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள்.

பசித்தால் ஓவ்ரே ஹோல்மெகாட்டே தெருவுக்குப் போகலாம். வீட்டுக்கு வீடு வேறு வண்ணம். வரிசையாகக் காபிக் கடைகள். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம்.