மழைக்காலப் படை: களிம்பு வாங்கும் முன் குழாயைப் படியுங்கள்

இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் இனி சில மாதங்களுக்குத் துணி சரியாகக் காயாது. தொடையிடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் வட்டச்சொறி கிளம்பும் காலம் இதுதான். மருந்துக்கடைக்குப் போகுமுன், வீட்டில் பாதி தீர்ந்து கிடக்கும் களிம்புக் குழாயை எடுத்து அதிலுள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள்.

க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல், டெர்பினஃபைன் ஆகியவை பூஞ்சையைக் கொல்பவை. க்ளோபீட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோலும் க்ளோபீட்டசோலும் கேட்க ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் க்ளோபீட்டசோல் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. அது கலந்த களிம்பைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் மறையும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பும். வட்ட வடிவம் கலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் நிரந்தரக் கோடுகள் விழும். முகத்தில் பரு, சிவப்பு, எரிச்சல். குழந்தைகளுக்கும் முகத்துக்கும் இதைக் கைவைத்தியமாகப் பூசவே கூடாது.

இது நாடு முழுவதுக்குமான துயரம். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் வாங்கினாலும் இந்தப் பக்கம் கேரளப் பாறசாலையில் வாங்கினாலும் சட்டம் ஒன்றே. டெர்பினஃபைனுக்கு எளிதில் அடங்காத ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சைக்கு 2020இல் பெயரிட்டார்கள். இந்தியாவைச் சுட்டும் பெயர் அது. அரைகுறை வைத்தியமும் ஸ்டீராய்டுக் கலவையும் இந்த நிலைமையை மோசமாக்கின என்பதே தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து.

பூஞ்சையைக் கொல்லும் களிம்பைப் பூசும் முறை: இடத்தைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். படையின் விளிம்புக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து மெல்லியதாகப் பூசுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியளவு களிம்பு இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை பூசுங்கள். பூசியபின் கை கழுவுங்கள். கண்ணிலும் வாயிலும் படவிடாதீர்கள். மேலே பிளாஸ்டிக் சுற்றாதீர்கள்.

பூஞ்சையைக் கொல்லும் களிம்பும் சிலருக்கு ஒவ்வாது. லேசான எரிச்சல் சில நாளில் தணியும். கொப்புளம், வீக்கம், கூடிக்கொண்டே போகும் சிவப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மைக்கோனசோல் பூச வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் கூடும். கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டே பூசுங்கள்.

துண்டு, உள்ளாடை ஆளுக்குத் தனி. ஈர அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், அதனடியில்தான் படை நிலைகொள்ளும். வெயில் இல்லாத நாளில் துணியின் தையல் மடிப்புகளில் இஸ்திரி போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்கட்டும். ஒருவர் மட்டும் பூசினால் மாறிமாறித் தொற்றும்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால், தலையிலோ நகத்திலோ இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால் பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ போங்கள். பூசிய குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். தொட்டால் உணர்வில்லாத வெளிறிய தேமல் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.