கல்வி மென்பொருள் வாங்கப் போகிறீர்களா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் ஜூன் பிறக்கும் முன்பே மென்பொருள் விற்பவர்கள் பள்ளிப் படி ஏறிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் பாடத்தைப் பாருங்கள். பின்னக் கழித்தல், மின்சுற்று என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுமாறும் இடங்களை ஆசிரியர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு உதவாத மென்பொருள் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

2. சும்மா கிடைப்பதற்குப் பணம் கட்டாதீர்கள். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு உண்டு; தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொளி வரும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. கணக்குக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட். இவற்றில் இல்லாத எதை நீங்கள் தருகிறீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

3. டெமோவை விற்பவரின் லேப்டாப்பில் பார்க்க வேண்டாம். உங்கள் லேபில் இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரில், அதனோடு அதிகம் பழகாத ஆசிரியர் ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். அவர் பத்து நிமிடத்தில் ஒரு பாடத்தைத் திறக்க முடியாவிட்டால், ஆண்டு முழுக்க யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

4. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை, சரியாகப் பள்ளி நேரத்தில்தான் வரும். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடினாலும் இணையம் நின்றுவிடலாம். டெமோவின் நடுவில் இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள். ஃபெட் பயிற்சிகளையும் தீக்‌ஷா காணொளிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும். காசு கொடுத்து வாங்குவதில் அந்த வசதியாவது இருக்க வேண்டாமா?

5. 'தமிழிலும் உண்டு' என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். மெனு தமிழிலும் பாடம் ஆங்கிலத்திலும் இருக்கலாம். கலைச்சொற்களையும் பாடநூலோடு ஒப்பிடுங்கள். நம் நூலில் ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளை, இலங்கை வழக்கான ஒளித்தொகுப்பைத் திரையில் கண்டால் விழிக்கும்.

6. வகுப்பில் நாற்பது பேர், ஒரே ப்ரொஜெக்டர் என்றால் ஆளுக்கொரு லாகின் கேட்கும் மென்பொருள் சரிப்படாது. நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, ஒரு பிள்ளையை முன்னே அழைத்துச் செய்யவைக்க ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

7. கட்டணம் மாணவர் தலைக்கா, கம்ப்யூட்டருக்கா? ஜிஎஸ்டி சேர்த்தா? இரண்டாம் ஆண்டு எவ்வளவு? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே இதைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது.

8. ஆதார் எண், புகைப்படம், பெற்றோர் செல் நம்பர் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பெரும்பாலான பயிற்சிகளுக்கு வருகைப் பதிவேட்டு எண்ணே போதும்.

9. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான இடம் என்றால் லேபை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் பழுதானால் அதே உரிமத்தை வேறொன்றில் போட்டுக்கொள்ளலாமா, மறுபடி பணம் கட்ட வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

10. ஆண்டுச் சந்தாவுக்கு முன் ஒரு பருவம் சோதித்துப் பாருங்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடம். 'அ' பிரிவுக்கு மென்பொருளோடு, 'ஆ' பிரிவுக்குக் கரும்பலகையோடு. இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு வையுங்கள். மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியாவிட்டால், அந்தப் பணத்தில் அறிவியல் லேபுக்குச் சாமான் வாங்கிவிடலாம்.