பழைய கணினிக்கு லினக்ஸ்: மாறலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. எங்கள் ஆய்வகக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. ஒதுக்கிவிடுவதா, லினக்ஸ் போடுவதா?

மாணவர் பக்கம் தடையே இல்லை. ஜியோஜீப்ரா, ஜிகாம்ப்ரிஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றும் லினக்ஸில் இயங்கும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அப்படித்தான் கற்பிக்கின்றன. சிக்கல் நம்மிடம், அதாவது நம் வினாத்தாள்களில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தாளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். இது லினக்ஸின் குறையன்று. கைபேசியில் திறந்தாலும் இதே கதைதான். எழுத்துரு மாற்றி மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். ஆனால் கணிதக் குறியீடுகள் கலந்த தாளை வரிவரியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்த உழைப்புதான் மாற்றத்தின் உண்மையான விலை. கொடுக்கத் தகுந்த விலை என்றே கருதுகிறேன்.

முதலில் லுபுண்டு போன்ற எளிய லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அச்சுப்பொறியும் புரொஜக்டரும் இணைகின்றனவா, தமிழ்99 விசைப்பலகை வருகிறதா என்று சோதியுங்கள். நாங்கள் பழைய தாள்களுக்காக ஒரே ஒரு கணினியை இணைய இணைப்பின்றி விண்டோஸிலேயே விட்டுவைத்திருக்கிறோம்.