வாடகை முற்பணமும் மீளளிக்கப்படும் வைப்பும்

மாணவர்களே, கடையோ வீடோ வாடகைக்கு எடுப்பவர் முதல் நாளில் ஒரு பெருந்தொகையைக் கொடுப்பதை அறிவீர்கள். பேச்சு வழக்கில் அது முழுவதையும் ‘அட்வான்ஸ்’ என்பர். பரீட்சையில் புள்ளி குறைவதும் வெளியே பணம் பறிபோவதும் பெரும்பாலும் இந்தச் சொல்லினால்தான். அதற்குள் தன்மையில் வேறுபட்ட இரு தொகைகள் இருக்கலாம்.

முற்கூட்டிய வாடகை மாதந்தோறும் கழிந்து முடிந்துவிடும். வைப்பு அவ்வாறன்று. அது உரிமையாளரிடம் பிணையாக இருப்பினும், இடத்தை ஒப்படைக்கும்போது வாடகையாளர் மீளப் பெறவேண்டிய பணமாகும்.

பின்வரும் உதாரணத்தை நோக்குக. வவுனியாவில் தையற்கடை நடத்தும் ஒருவர் மாத வாடகை 15,000 ரூபா வீதம் 2 வருடங்களுக்கு ஒரு கடையை எடுத்தார். ஒக்டோபர் 1 இல் 225,000 ரூபா செலுத்தினார். இதில் 12 மாத வாடகை 180,000 ரூபா. வைப்பு 45,000 ரூபா. கணக்காண்டு மார்ச் 31 இல் முடிவடைகிறது.

இலாபநட்டக் கணக்கிற்குச் செல்வது 6 மாத வாடகையாகிய 90,000 ரூபா மாத்திரமே. எஞ்சிய 90,000 ரூபா முற்கொடுப்பனவு, அதாவது நடைமுறைச் சொத்து. வைப்பு செலவன்று. அது 18 மாதங்களின் பின்னரே கைக்கு வரும் என்பதால் நடைமுறையல்லாச் சொத்தாகக் காட்டுக. 225,000 ரூபா முழுவதையும் செலவாக எழுதினால் இலாபம் 135,000 ரூபாவால் குறைந்துவிடும்.

வைப்பிலிருந்து எவற்றைக் கழிக்கலாம் என்பது உடன்படிக்கையைப் பொறுத்தது. செலுத்தாத வாடகை, மின்சார, நீர்ப் பட்டியல்கள், உடைத்த பொருட்கள் என்பன வழமையாகக் கழிக்கப்படும். சுவரின் நிறம் காலப்போக்கில் மங்கியதை வாடகையாளர் செய்த சேதமாகக் கொள்வது நியாயமன்று. அதேபோல், “கடைசி 3 மாத வாடகையை வைப்பில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று வாடகையாளர் தாமாகவே முடிவு செய்யவும் முடியாது. அவ்வாறு செய்தால் சேதத்துக்குப் பிணையே இராது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதியாகும். ஆயினும் உறுதியில் ‘முற்பணம்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல் தீராது. வாடகை எவ்வளவு, வைப்பு எவ்வளவு எனத் தனித்தனியே எழுதுவித்துப் பற்றுச்சீட்டும் பெறவேண்டும்.

பயிற்சி: மாத வாடகை 12,000 ரூபா. ஜனவரி 1 இல் 9 மாத வாடகையும் 2 மாத வாடகைக்குச் சமமான வைப்பும் செலுத்தப்பட்டன.
(அ) மார்ச் 31 இல் வாடகைச் செலவு, முற்கொடுப்பனவு, வைப்பு யாவை?
(ஆ) ஒப்படைக்கும்போது செலுத்தாத மின்பட்டியல் 5,000 ரூபா எனின் மீளக் கிடைப்பது எவ்வளவு?

விடை: (அ) 36,000, 72,000, 24,000 ரூபா (ஆ) 19,000 ரூபா