தோட்டக் காவலுக்குத் துவக்கு: நிலாவெளி விவசாயிக்கு முழுமையான வழிகாட்டி

மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப்போட்டால், விடிந்ததும் வாயில் வருவது “ஒரு துவக்கு எடுக்கவேணும்” என்பதுதான். எடுக்கலாம், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுப்பதுபோல் இதை எண்ணிவிடாதீர்கள்.

முதலில்: எதற்காக?

யானைக்கென்றால் இந்த யோசனையை இப்போதே விடுங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைப் பாதுகாக்கிறது. உங்கள் காணிக்குள் வந்தது என்பதற்காகச் சுட முடியாது. அதற்கு யானை வெடியும் மின்வேலியும்தான். பன்றிக்கும் முதலில் வேலியைப் பலப்படுத்திப் பாருங்கள்.

கச்சேரிப் படி

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. சொந்தப் பாதுகாப்புக்கான துவக்கைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கிறது. பயிர்க்காவலுக்கு மாவட்டச் செயலகம். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் என்று அறிக்கைகள் சேரவேண்டும், காணி உறுதியும் கேட்பார்கள். கைக்கு வந்தாலும் நிரந்தரமல்ல, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 2024 பிற்பகுதியில், சொந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது அரசாங்கம்.

வாகனத்தோடு ஒத்துப்போகாத இடம்

மச்சானிடம் லைசன்ஸ் இருந்தால் உங்கள் மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டலாம். துவக்கை ஒரு இரவுக்குக்கூட இரவல் கொடுக்க முடியாது. அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும்.

இன்னொன்று: வாகனம் ஓட்ட மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பிறகு பரிசோதகர் முன்னால் ஓட்டிக் காட்டல். பயிர்க்காவல் துவக்கிலோ ஆள் யார், காணி எவ்வளவு என்பதுதான் பெரிதாகப் பார்க்கப்படுகிறது. ஜப்பானில் வேட்டைத் துவக்குக்கும் வகுப்பு, எழுத்துப் பரீட்சை, சுட்டுக் காட்டல் எல்லாம் உண்டு. அந்தக் கண்டிப்பு இங்கேயும் வரவேண்டும் என்பது என் கட்சி. அதுவரை பரிசோதகர் நீங்களேதான்.

கையில் எடுத்தால்

யார் “தோட்டா இல்லை” என்றாலும் நம்பாதீர்கள். குழலை மடித்துத் திறந்து, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். வாய்க்கால் கடக்கும்போதும் வேலி ஏறும்போதும் தோட்டாவைக் கழற்றித் திறந்தபடியே கொண்டுபோங்கள். குழல்முனை சேற்றில் குத்தியிருந்தால் துப்புரவாக்காமல் சுடக்கூடாது. அடைபட்ட குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும்.

இரவில்தான் பெரிய பிழை நடக்கும். டோர்ச் அடித்தால் பன்றியின் கண் மட்டுமல்ல, கன்றுக்குட்டியின் கண்ணும் மின்னும். உடம்பு முழுவதும் தெரியும்வரை விரலை விசையில் வைக்காதீர்கள். பெரிய சன்னம் சில நூறு மீற்றர் போகும். பின்னால் புல்மோட்டை வீதியா, விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்களின் ஒழுங்கையா என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவையுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவரை அளக்க 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று ஒரு கோடு இருக்கிறது. துவக்குக்கு அப்படி ஒரு கோடு வேண்டாம். ஒரு மிடறு கள்ளு என்றாலும் அன்றைக்குப் பூட்டு திறக்கக்கூடாது.

வீட்டில்

துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். திறப்பு உங்கள் இடுப்பில். கதவுக்குப் பின்னால் சாத்திவைப்பது நம் ஊர்ப் பழக்கம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை மன்னிக்கவே முடியாது.

கட்டுத்துவக்கு: ஒருபோதும் வேண்டாம்

கம்பி கட்டி வைத்துவிட்டு நித்திரைக்குப் போகிறவர் உண்டு. அது சட்டவிரோதம். பன்றி வரும் ஒற்றையடிப் பாதையில் விறகுக்குப் போகும் மனிசியும் வருவா. சன்னம் பாய்வது பெரும்பாலும் காலில், அந்தக் கால் பல வேளை திரும்பக் கிடைக்காது. எப்போது நிற்பது என்று தீர்மானிக்க ஓட்டுநர் இல்லாத வாகனத்தை யாரும் வீதியில் விடுவதில்லை.

கடைசியாக

அனுமதிக்காரர் இறந்தால் அவருடைய அனுமதியும் அத்தோடு முடிகிறது. தகப்பனாரின் துவக்கு இன்னும் வீட்டில் கிடக்கிறதென்றால் அதைப் பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேண்டுமென்றால் பிறகு உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள்.