தேடலில் பின்தங்கும் பக்கங்கள்: மாத்தளையின் இளம் இணையத்தள வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதம்

மாத்தளை மாவட்டத்தில் இணையத்தளம் அமைக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் இளந்தலைமுறையினருக்கு,

கண்டியிலிருந்து மாத்தளை ஊடாகத் தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களும், சீகிரியாவைச் சூழ்ந்துள்ள விடுதிகளும், நகரின் கோயில்களும் கல்வி நிலையங்களும் தம்மை நாடி வருவோரில் ஒரு பகுதியினரைத் தேடுபொறியின் வழியாகவே பெறுவதால், அவற்றுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது அத்தளம் தேடலில் எத்தனையாவதாக வருகிறது என்பதுதான். முதற்பக்கத்தில் நின்ற ஒன்று சில நாட்களில் நாலாம் பக்கத்துக்குச் சரிவதும், உழைத்து எழுதிய கட்டுரை கண்ணில் படாதிருக்க எங்கிருந்தோ பெயர்த்தெடுத்த சில வரிகள் முதலிடத்தில் அமர்வதும் இத்தொழிலில் அடிக்கடி எழும் புதிர்கள். இவற்றுக்கெல்லாம் தேடுபொறி நிறுவனத்தின் மறைவான சூத்திரமே காரணம் என்று எண்ணிவிடுவது எளிது. ஆயினும் தமிழில் எழுதப்படும் பக்கங்களைப் பொறுத்தவரை, அதிலும் மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்தைப் பற்றிய பக்கங்களைப் பொறுத்தவரை, காரணம் பெரும்பாலும் அந்தச் சூத்திரம் செயற்படத் தொடங்குவதற்கு முன்பே எழுத்திலும் சொல்லிலும் பெயரிலும் அமைந்துவிடுகிறது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

தேடுபொறியின் வேலை மூன்று படிகளில் நடைபெறுகிறது. பக்கங்களை நாடிச் சென்று படித்துவரும் நிரல் முதலில் அவற்றைச் சேகரிக்கிறது. சேகரித்தவற்றிலுள்ள சொற்கள் ஒரு மாபெரும் சொல்லடைவில் பதியப்படுகின்றன. ஒருவர் எதையேனும் தேடும்போது அச்சொல்லடைவிலிருந்து பொருத்தமானவை எடுக்கப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கிய பேஜ்ராங்க் என்னும் கணிப்புமுறை மூன்றாம் படியைச் சார்ந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அவ்வாறு கொடுக்கும் பக்கங்கள் தாமே எத்தகைய மதிப்புப் பெற்றவை என்பவற்றைக் கொண்டு அது பக்கத்தின் மதிப்பை அளவிட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. எனினும் முதலிரண்டு படிகளில் தவறிய பக்கத்தை மூன்றாம் படி ஒருபோதும் மீட்டெடுக்காது. ஆதலால் ஆராய்ச்சி எப்போதும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்பாக, எதிர்ப்பட்டது உண்மையில் புதிர்தானா என்று உறுதிசெய்துகொள்வது நன்று. தள உரிமையாளருக்குக் கூகிள் வழங்கும் சேர்ச் கன்சோல் என்னும் கருவி, பக்கம் தேடலில் பெற்ற சராசரி இடத்தைக் காட்டுகிறது. ஒரு விடுதியின் பக்கம் ஒரு தேடற்சொல்லுக்கு 3ஆம் இடத்தில் 100 தடவை தோன்றியதாகக் கொள்க. மறுமாதம் அதே சொல்லுக்கு அதே இடத்தில் 100 தடவை தோன்றியதோடு, புதிதாக வேறொரு சொல்லுக்கு 40ஆம் இடத்திலும் 100 தடவை தோன்றினால், சராசரி 3இலிருந்து 21.5ஆக இறங்கிவிடும். பக்கம் எதையும் இழக்கவில்லை. கூடுதலான தேடல்களில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. வளர்ச்சியே வீழ்ச்சியாகத் தோன்றும் இந்நிலையில் பதறிப்போய்ப் பக்கத்தைத் திருத்தி, உள்ளதையும் கெடுத்துக்கொள்வோர் உண்டு. சராசரியைத் தனியே நோக்காமல், தேடற்சொல் வாரியாகவும் நாடு வாரியாகவும் பிரித்து நோக்கினால் இம்மயக்கம் நீங்கும்.

தேடுபவர் இருக்கும் இடமும் வரிசையை மாற்றுகிறது. உணவகம், மருந்தகம், விடுதி போன்ற உள்ளூர்த் தேடல்களில் பொருத்தம், தொலைவு, பரவலாக அறியப்பட்டிருத்தல் ஆகிய மூன்றும் கணக்கிடப்படுகின்றன என்று கூகிள் வெளிப்படையாகவே தெரிவிக்கிறது. இரத்தோட்டையில் இருந்தவாறு தேடும் ஒருவரைக் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு கொழும்பில் இருப்பவராகக் காட்டக்கூடுமாதலால், ஒரே வேளையில் இருவர் தேடி இரு வேறு வரிசைகளைக் காண்பதில் வியப்பில்லை. தன் தொலைபேசியில் தெரிந்த வரிசையை உலகத்துக்கே பொதுவானதாகக் கொள்வது தொடக்கநிலையினர் பலரும் செய்யும் பிழை.

இனி எழுத்துக்கு வருவோம்; இத்தொழிலில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் மிகுந்த விளைவை உண்டாக்குவதும் இதுவே. தமிழ் எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களை வழங்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. எனினும் இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துருவே. அச்சகங்களில் அது இன்றும் வழக்கில் இருப்பதால், அழைப்பிதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் கோயில் மலர்களும் அதில் தட்டச்சு செய்யப்பட்டு, பின்னர் அவ்வாறே தளங்களுக்குள் நுழைகின்றன. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டுள்ளன. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கணினியின் கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்திருக்கும். மனிதக் கண் தமிழைப் படிக்கும். தேடுபொறியின் சொல்லடைவிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை ஒன்றே சேரும். அத்தகைய பக்கம் பின்தங்கவில்லை. தமிழ்த் தேடலைப் பொறுத்தவரை அப்படியொரு பக்கமே இல்லை. பழைய நூல்களையும் மலர்களையும் வெறும் படங்களாக வருடி ஏற்றும்போதும், எழுத்துணரி நிரல் கொண்டு அவற்றை உரையாக மாற்றாதவரை, நேர்வது ஏறக்குறைய இதுவே.

ஒருங்குறியில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பதும் முழுமையன்று. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒற்றைக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டும் நிகரானவை என்று ஒருங்குறி விதித்திருப்பதால் இவற்றை ஒன்றாக்கும் வழிமுறை உண்டு. ஆனால் ‘கௌதம’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதினால், கண்ணுக்கு அதே சொல்லாகத் தோன்றினும் கணினிக்கு அது வேறு சொல். அதனை ஒன்றாக்கும் விதி எதுவும் இல்லை. தம்புள்ளைக் குகை விகாரையையும், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரையையும் பற்றித் தமிழில் எழுதுபவர் புத்தரின் பெயரையே இவ்வாறு பிழைபட எழுதிவிட வாய்ப்புண்டு.

இதனினும் நுண்ணியது ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தின் நிலை. வழக்கமான ஸகரத்தைக் கொண்டு எழுதப்படும் ஸ்ரீ ஒன்று. 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு எழுதப்படும் ஶ்ரீ மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். எந்த விசைப்பலகையால் தட்டச்சு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று கோப்பில் அமரும். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பெயர் இவ்வெழுத்தோடுதான் தொடங்குகிறது. மாசி மகத் தேர்த்திருவிழாவை ஒட்டி அப்பெயரைத் தேடுபவர் ஒரு வடிவத்தையும் பக்கத்தை எழுதியவர் மற்றொரு வடிவத்தையும் பயன்படுத்தியிருந்தால், இரண்டும் ஒன்றென்பதைத் தேடுபொறி தானாகக் கற்றிருக்க வேண்டும். தளத்தினுள்ளேயே அமைந்த எளிய தேடற்பெட்டிக்கு அந்த அறிவு அறவே இராது. ஆகவே பக்கத்தின் தலைப்பிலும் முகவரியிலும் வரும் ஒவ்வோர் எழுத்தையும் குறியெண் காட்டும் கருவியில் இட்டுப் பார்த்து, ஒரு வடிவத்தைத் தேர்ந்து தளமெங்கும் அதனையே கையாளுவது கடன்.

எழுத்தைக் கடந்தால் சொல். இலங்கையில் கறுவா என்றும் கராம்பு என்றும் வழங்குபவற்றைத் தமிழ்நாட்டார் பட்டை என்றும் கிராம்பு என்றும் தேடுவர். தமிழில் தேடுவோரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வாழ்வதால், வாசனைத் திரவியத் தோட்டமொன்றின் பக்கம் அங்கிருந்து ஒருவரையும் ஈர்க்காமற் போவது தேடுபொறி விதித்த தண்டனையன்று, சொல்வேறுபாட்டின் விளைவு. இதற்காக ஊர்ச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. கறுவா என்றே எழுதி, தமிழ்நாட்டில் இது பட்டை எனப்படும் என்று ஓரிடத்தில் இயல்பாகச் சுட்டினால் இரு சாராரும் வந்துசேர்வர்.

பெயர்களின் மயக்கத்துக்கு மாவட்டத்திலேயே சிறந்த சான்று நாலந்தா. நாவுலப் பகுதியில் அமைந்துள்ள நாலந்தா கெடிகே, திராவிடக் கட்டடப் பாணியில் கல்லால் எழுப்பப்பட்ட அரியதொரு பௌத்தக் கட்டடம்; போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கும்பொருட்டு 1980களில் கல் கல்லாகப் பெயர்த்து இன்றைய இடத்தில் நிறுவப்பட்டது. ஆனால் நாலந்தா என்ற பெயருக்கு பீகாரின் பழம்பெரும் பல்கலைக்கழகம் உரிமை கோருகிறது. கொழும்பில் நாலந்தாக் கல்லூரியும் உண்டு. பீகாரின் நாலந்தா 2016இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குக் கிடைக்கும் இணைப்புகளின் பெருக்கத்தோடு மாத்தளைக் கெடிகேயைப் பற்றிய ஒரு தமிழ்ப்பக்கம் ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பிப் போட்டியிட இயலாது. அங்கு தோற்பது பக்கத்தின் தரமன்று. ‘நாலந்தா கெடிகே’ என முழுப்பெயரையும் தலைப்பில் இட்டு, மாவட்டத்தின் பெயரையும் அண்டையிலுள்ள ஊர்களையும் உரையில் சேர்த்தால், எந்த நாலந்தா என்பது தேடுபொறிக்குத் தெளிவாகும். மாத்தளை என்ற பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அது நகரையும் மாவட்டத்தையும் ஒருங்கே குறிப்பதோடு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சூடிக்கொண்ட மலையக எழுத்தாளர்களின் பெயர்களிலும் முதற்சொல்லாக நிற்கிறது. அச்சொல்லை மட்டும் தேடுபவர் எதை நாடுகிறார் என்பதை எந்தப் பொறியாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அதனால் அத்தேடலின் வரிசை அலைந்துகொண்டே இருக்கக்கூடும்.

அலைச்சலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்க அரசு கூகிள்மீது தொடுத்த வழக்கின் விசாரணையில், நேவ்பூஸ்ட் என்னும் அமைப்பு, தேடுவோர் எந்த முடிவைச் சொடுக்குகின்றனர் என்ற 13 மாதத் தரவைக் கொண்டு வரிசையைத் திருத்துகிறது என்று அந்நிறுவனத்தின் அதிகாரி 2023இல் சாட்சியமளித்தார். கோடிக்கணக்கானோர் தேடும் ஆங்கிலச் சொல்லுக்கு இத்தரவு மலைபோல் குவியும். ‘ரிவஸ்டன் செல்லும் பாதை’ என்று தமிழில் தேடுவோர் சிலரே ஆகையால் அங்கு ஒருசிலரின் சொடுக்குகளே வரிசையைப் புரட்டிவிடலாம். தமிழ்த் தேடல்களில் வரிசை காரணமின்றித் துள்ளுவதாகத் தோன்றுவதற்கு இதனை ஒரு நியாயமான விளக்கமாகக் கருதலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பல தேடல்களில் முன்னே நிற்பதும், போட்டியே இல்லாத தலைப்பில் அரைகுறைப் பக்கம் ஒன்று முதலிடம் பெறுவதும் தமிழில் தேடல்களும் பக்கங்களும் குறைவாக இருக்கும் வறுமையின் இரு முகங்கள்.

மேற்சொன்னவை அனைத்தையும் சோதித்த பின்னரே சூத்திரத்தின் மாற்றங்களை நோக்க வேண்டும். தரமற்ற உள்ளடக்கத்தைப் பின்தள்ளிய 2011 பெப்ரவரியின் பாண்டா, விலைக்கு வாங்கிய செயற்கை இணைப்புகளைக் குறிவைத்த 2012 ஏப்ரலின் பெங்குயின், பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிரான 2024 மார்ச் விதிகள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பெரிய மாற்றங்களின் தேதிகளைக் கூகிள் வெளியிடுவதால், சரிவு அத்தேதியோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட இயலும். ஆங்கிலப் பக்கத்தைப் பொறியால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பெயர்த்து, ஒருவரும் படித்துத் திருத்தாமல் நூற்றுக்கணக்கில் ஏற்றும் வழக்கம் சுற்றுலாத் தளங்களில் பெருகிவருகிறது. அது விதிக்கு மாறானதாகக் கருதப்படக்கூடியது என்பதோடு, மாவட்டத்தின் தமிழ் வாசகரை அவமதிப்பதும் ஆகும். மும்மொழித் தளம் அமைப்பவர், ஒரே செய்தியின் மூன்று மொழிப் பக்கங்களும் ஒன்றையொன்று சுட்டும் மொழிக்குறிப்பை நிரலில் இடத் தவறலாகாது. ஒரு பக்கம் சுட்டி மறுபக்கம் திரும்பச் சுட்டாவிடின் அக்குறிப்பு புறக்கணிக்கப்படும்.

முதலிடத்தை உறுதியளிக்க எவராலும் இயலாது என்று கூகிளே அறிவித்திருக்கும்போது, அத்தகைய உறுதியை விற்பது பொய்யுரைத்தல் ஆகும். செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் குறித்துவைத்து, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, சில வாரங்கள் பொறுத்திருந்து விளைவை அளந்து, தெரிந்த காரணத்தைத் தெரிந்ததென்றும் ஊகத்தை ஊகமென்றும் பிரித்துச் சொல்லும் தொழிலரையே தோட்ட உரிமையாளரும் கோயில் அறங்காவலரும் நீண்டகாலம் நம்புவர்.

மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. உக்குவெல, யட்டவத்தை, பல்லேபொல, வில்கமுவ, லக்கல-பல்லேகம, அம்பன்கங்கை கோரளை என்று தொடரும் அவை ஒவ்வொன்றுக்கும், அங்கு வாழும் மக்கள் வழங்கும் பெயர்களோடும் பிழையற்ற ஒருங்குறியிலும், நேரில் சென்று அறிந்த செய்திகளைக் கொண்டும் ஒரு தமிழ்ப்பக்கம் எழுதி வெளியிடுவதைத் தம் முதற்பணியாகக் கொள்ளுமாறு இக்கடிதத்தைப் படிக்கும் இளந்தொழிலர் வேண்டப்படுகிறார்.